தொட்டிக்குள் அடங்காத கெளுத்தி

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் சாலையில், பாலாற்றுப் பாலத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் வருகிற ஊர் செவிலிமேடு. அங்கே ஒரு பட்டு நெசவாளர் வீடு. கூடத்தில் குழித்தறி. தறிக்கு எதிரே, சுவரை ஒட்டி ஒரு மீன் தொட்டி. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பையன் தான் சேர்த்து வைத்த காசில் வாங்கியது. இந்த வீடும் இந்தப் பையனும் நம் கற்பனைதான். ஆனால் அவனுக்கு வந்த சிக்கல் கற்பனை அன்று. மீன் வளர்ப்பவர்கள் பலருக்கு உண்மையிலேயே வருவது.

தொட்டியில் பன்னிரண்டு கறுப்பு மோலி மீன்கள் இருந்தன. ஒரு விடுமுறை நாளில் பையன் சென்னைக்குப் போனான். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் ஒரு கடையில் புதுமையான மீன் ஒன்றைப் பார்த்தான். விரல் நீளம்தான் இருந்தது. முதுகு கருஞ்சாம்பல் நிறம்; பக்கவாட்டில் வெண்மையான பட்டை; வால் செக்கச் சிவந்த ஆரஞ்சு; வாயைச் சுற்றி ஆறு மீசைகள். பையனுக்கு அதை விட்டு வர மனமில்லை. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் அது செவிலிமேட்டுக்கு வந்து சேர்ந்தது.

சில வாரங்கள் சென்றன. இழை எண்ணிப் பழகிய அப்பாவின் கண்கள்தாம் முதலில் அதைக் கண்டுபிடித்தன.

"தம்பி, மோலி பன்னிரண்டு இருந்துதே? இப்போ ஒன்பதுதான் இருக்கு."

"செத்திருந்தா மிதக்குமேப்பா. ஒண்ணும் மிதக்கலையே."

தொட்டிக்கு மூடி உண்டு. பூனை கை விட்டிருக்க முடியாது. தண்ணீரும் தெளிவாகவே இருந்தது. அடுத்த வாரம் மோலிகள் ஏழாயின. புதிய மீன் மட்டும் பகல் முழுவதும் ஒரு மூலையில் அசையாமல் படுத்திருந்தது. அதன் வயிறு சற்றே புடைத்திருந்தது.

திருடன் யார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஆனால் அவன் எப்படித் திருடினான், இனி என்ன செய்யப் போகிறான், அவனை என்ன செய்வது? இக்கேள்விகளுக்கு விடை காண உயிரியலோடு கொஞ்சம் கணக்கும் வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

இருட்டில் வேட்டை

இந்த மீனின் பெயர் செவ்வால் கெளுத்தி. விஞ்ஞானப் பெயர் பிராக்டோசெபாலஸ் ஹெமியோலியோப்டெரஸ். தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ ஆகிய பேராறுகளே இதன் தாயகம். பகலில் ஆற்றின் அடியில் ஒதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு இரை தேடுவது இதன் வழக்கம். மோலிகள் இரவில் மட்டும் காணாமல் போன காரணம் இதுவே.

இருட்டில் இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கெளுத்தி இனங்களின் மீசை வெறும் அழகுக்காக அன்று. அது தொட்டறியும் உறுப்பு மட்டுமன்று, சுவையறியும் உறுப்பும்கூட. நமக்குச் சுவை மொட்டுகள் நாக்கிலும் வாயினுள்ளும் உள்ளன. மொத்தம் சில ஆயிரங்கள்தாம். கெளுத்திகளுக்கோ மீசையிலும் உதட்டிலும், ஏன் உடம்பின் தோல் முழுவதிலுமே சுவை மொட்டுகள் உண்டு. அமெரிக்க மஞ்சள் கெளுத்தி ஒன்றின் உடல் முழுவதும் 1,75,000-க்கும் அதிகமான சுவை மொட்டுகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள். நீந்துகிற நாக்கு என்றே அதைச் சொல்லலாம்.

காதும் கூர்மையானது. கெளுத்திகளின் உடலினுள்ளே காற்றுப் பை ஒன்று இருக்கிறது. தண்ணீரில் பரவும் ஒலி இந்தப் பையை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வை ஒரு சங்கிலிபோல் அமைந்த சிறு எலும்புகள் உட்காதுக்குக் கொண்டு சேர்க்கின்றன. இவ்வெலும்புகளை 1820-ஆம் ஆண்டில் விவரித்தவர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. அவர் பெயராலேயே அவை வெபர் எலும்புகள் எனப்படுகின்றன.

மீன்களுக்குக் காது கேட்குமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்ததும் தொட்டியில் வளர்ந்த ஒரு கெளுத்திதான். ஆஸ்திரிய நாட்டில் பிறந்த கார்ல் வான் பிரிஷ், பார்வையற்ற ஒரு சிறு கெளுத்தியை வளர்த்தார். ஒவ்வொரு முறை உணவு தரும்போதும் ஒரு சீழ்க்கை ஒலி எழுப்பினார். சில நாட்களில், உணவே காட்டாமல் சீழ்க்கை மட்டும் அடித்தாலும் கெளுத்தி தன் மறைவிடத்திலிருந்து வெளியே வந்தது! இந்த முடிவை அவர் 1923-இல் வெளியிட்டார். பின்னர் தேனீக்களின் நடன மொழியை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

ஆகவே பெரிய கெளுத்தி மந்தமான மீன் அன்று. ஒலியை அறிகிறது, பழகிக்கொள்கிறது, உணவு தருபவர் வரும்போது எழுந்து வருகிறது. இதனால்தான் இதை வளர்ப்பவர்களுக்கு இதன்மேல் பாசம் உண்டாகிவிடுகிறது. சிக்கலும் அதனால்தான் கடுமையாகிறது.

மெல்லாத வாய்

செவ்வால் கெளுத்தி இரையைக் கடித்துத் துண்டாக்குவதில்லை. அகன்ற வாயைச் சட்டென்று திறக்கிறது. அந்தக் கணத்தில் வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் உள்ளே பாய்கிறது. அதனோடு இரையும் போய்விடுகிறது. பிறகு தண்ணீர் மட்டும் செவுள் வழியே வெளியேறுகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். மோலிகளின் எலும்போ செதிலோ தொட்டியில் மிஞ்சாததற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்கு இரைதான். சாது மீன், சண்டை மீன் என்ற பேச்சே இங்கே இல்லை. பெரிய கெளுத்தி கோபத்தால் கொல்வதில்லை, பசியால் விழுங்குகிறது. தொட்டியில் அழகுக்காகப் போட்ட கூழாங்கல்லையும் பிளாஸ்டிக் செடியையும்கூட விழுங்கிவிடுவது உண்டு.

தாயகத்தில் இந்தப் பெருவாய்க்கு நல்ல பயன் இருக்கிறது. மீனையும் நண்டையும் தின்பதோடு, கரையோர மரங்களிலிருந்து ஆற்றில் விழும் பழங்களையும் செவ்வால் கெளுத்தி உண்கிறது. அமேசானில்தானா இது நடக்கும்? குறுந்தொகையின் எட்டாம் பாடலில் ஆலங்குடி வங்கனார் காட்டும் மருத நிலத்தில், வயலோர மாமரத்திலிருந்து உதிரும் பழத்தைக் கவ்வுவது நம் வாளை மீன். அதுவும் மீசையுள்ள பெரிய இரைகொல்லியே.

இந்த இரண்டு மீன்களுக்கும் இன்னோர் ஒற்றுமையும் உண்டு. இரண்டுக்கும் விஞ்ஞானப் பெயர் கிடைத்தது ஒரே புத்தகத்தில். பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் பிளாக் உலகெங்கிலுமிருந்து மீன்களை வரவழைத்து ஆராய்ந்தவர். நம் தரங்கம்பாடியிலிருந்தும் அவருக்கு மீன்கள் கப்பலில் சென்றன. தேள்போலக் கொட்டுவதால் நாம் தேளி என்று அழைக்கும் கெளுத்திக்கு அவர் 1794-இல் பெயரிட்டது தரங்கம்பாடி மீனைக் கொண்டுதான். அவர் மறைந்த பிறகு ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-இல் வெளியிட்ட நூலில் வாளையும் செவ்வால் கெளுத்தியும் இடம்பெற்றன.

பத்து மடங்கு நீளம், ஆயிரம் மடங்கு எடை

இப்போது கணக்குக்கு வருவோம். கடையில் பார்க்கும்போது இந்த மீன் சுமார் 8 சென்டிமீட்டர். முழு வளர்ச்சி அடைந்த பிறகு? ஒரு மீட்டரைத் தாண்டும். சுமார் 130 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. 2010-இல் பிரேசிலில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்றின் எடை 56 கிலோகிராம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் பலரின் எடையைவிட அதிகம்!

நீளத்தைவிட எடைதான் முக்கியம். ஏன் என்று பாருங்கள். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் கனஅளவு எத்தனை மடங்காகும்? 2 × 2 × 2, அதாவது 8 மடங்கு. பக்கத்தைப் பத்து மடங்காக்கினால் 10 × 10 × 10, அதாவது 1,000 மடங்கு. மீனின் உருவ அமைப்பு பெரிதாக மாறாமல் வளர்ந்தால் அதற்கும் இதே கணக்குப் பொருந்தும்.

நம் பையன் வாங்கிய 8 சென்டிமீட்டர் மீனின் எடை 6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 80 சென்டிமீட்டர் ஆகும்போது எடை 6,000 கிராம், அதாவது 6 கிலோகிராம். வாங்கும்போது ஒரு மீன். வளர்ந்தபின் எடையில் ஆயிரம் மீன்! தொட்டியில் ஆயிரம் மீன் விடச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் இந்த ஒரு மீனை வாங்குகிறவர் அதைத்தான் செய்கிறார்.

இதற்கு நெடுங்காலம் ஆகும் என்றும் எண்ண வேண்டாம். வயிறார உணவு கிடைத்தால் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே இரண்டடி நீளத்தை எட்டிவிடும். ஆயுளோ பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல். ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய மீன், நீங்கள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் நாளிலும் தினமும் உணவு கேட்கும்.

ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில் 80 சென்டிமீட்டர் மீன் திரும்ப முடியுமா? ஒன்றரை அடி என்பது சுமார் 45 சென்டிமீட்டர். உடலை வளைத்து, மூக்கைக் கண்ணாடியில் உரசித்தான் திரும்ப வேண்டும்.

தண்ணீர் படும் பாடு

திரும்ப இடம் இருந்தாலும் போதாது. மூச்சுவிடத் தண்ணீர் வேண்டும். நம் பையனின் தொட்டியில் எவ்வளவு தண்ணீர்? 4 × 1½ × 1½ = 9 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக, விளிம்பு வரை நிரப்பினாலும் சுமார் 255 லிட்டர்.

30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம் கரையும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் பிராணவாயு குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. 255 லிட்டரில் இருப்பு சுமார் 1,900 மில்லிகிராம். சும்மா கிடக்கும் மீனும் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 100 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவழிக்கும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 6 கிலோ மீனுக்கு மணிக்கு 600 மில்லிகிராம். அப்படியானால் இரண்டு மணி நேரத்துக்குள் இருப்பில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். காற்றுக் குழாய் ஓடும்வரை கவலையில்லை. மே மாதத்து இரவில் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றால்? நீர்ப்பரப்பின் வழியே கரையும் காற்று மட்டும் அவ்வளவு பெரிய உடலுக்கு எட்டாது. கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம். பெரிய மீனின் உயிரோ மின்கம்பியில் தொங்குகிறது.

அடுத்தது கழிவு. மீன்கள் புரதத்தைச் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. ஆற்றில் அது ஓடும் நீரில் கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போகும்?

6 கிலோ கெளுத்திக்கு அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 60 கிராம் மீன் துண்டு ஒரு நாள் உணவு என்போம். அதில் ஏறத்தாழ 11 கிராம் புரதம். புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன், ஆக 1.7 கிராம். இதில் பாதி அம்மோனியாவாக வெளியேறினாலும் 255 லிட்டர் நீரில் ஒரே நாளில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். காரத்தன்மையும் சூடும் உள்ள நீரில் இந்த அளவு மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதுமானது.

இயற்கையில் இதற்கு ஒரு மாற்று உண்டு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. 1890-ஆம் ஆண்டையொட்டி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. மீன் தொட்டியின் வடிகட்டியில் உள்ள பஞ்சும் சரளையும் குப்பையைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல. இந்த நுண்ணுயிர்கள் குடியிருப்பதற்கும்தான். வடிகட்டியைக் குழாய்நீரில் பளபளவென்று கழுவிவிட்டால் அந்தக் குடியிருப்பே அழிந்துபோகும். மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

பாக்டீரியாக்களும் ஓரளவுக்குத்தான் உழைக்கும். அவை உண்டாக்கும் நைட்ரேட் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்ற நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். பாதித் தொட்டி என்றாலே 125 லிட்டருக்கு மேல். எட்டு ஒன்பது குடம். குடிநீருக்கே குடத்தை வரிசையில் வைக்கும் தெருக்களில் இது எளிய செலவு அன்று.

முழு வளர்ச்சி அடைந்த செவ்வால் கெளுத்திக்கு எவ்வளவு இடம் போதும்? இருபதடி நீளம், பத்தடி அகலம், நான்கடி ஆழம் என்றால் 800 கன அடி. சுமார் 22,600 லிட்டர். அது தொட்டி அன்று, குளம். தறி போட்டிருக்கும் கூடமே பல வீடுகளில் அவ்வளவு பெரிதாக இருக்காது.

"தொட்டிக்குத் தக்கபடிதானே வளரும்?"

மீன் கடைகளிலும் வீடுகளிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சின்னத் தொட்டியில் வைத்தால் மீன் சின்னதாகவே நின்றுவிடும் என்பார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து அதிகம்.

நெருக்கடியான தொட்டியில் மீனின் வளர்ச்சி குன்றுவது உண்மை. ஆனால் அது தொட்டியை அளந்து பார்த்து மீன் எடுத்த முடிவு அன்று. கழிவு மிகுந்த நீர், குறைந்த ஆக்சிஜன், ஓயாத நெருக்கடி ஆகியவற்றால் உடல் நலிந்து வளர்ச்சி தடைப்படுகிறது. காற்றோட்டமும் உணவும் இல்லாத அறையில் வளரும் குழந்தை குள்ளமாக இருந்தால், அறைக்குத் தக்கபடி அழகாக வளர்ந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நோயும் வளைந்த முதுகெலும்பும் அகால மரணமும்தாம் அந்த மீனுக்குக் கிடைப்பவை.

பாலாற்றில் விட்டுவிட்டால்?

நம் பையனின் கதைக்கு வருவோம். ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. மீன் இரண்டடியை நெருங்குகிறது. மோலிகள் என்றோ தீர்ந்துவிட்டன. ஓர் இரவில் வாலால் அடித்து மூடியைத் தள்ளிவிட்டது. தறியருகே தண்ணீர் சிந்தினால் பட்டு என்னாவது என்று அம்மா அஞ்சுகிறார்.

"பாவம், அது மட்டும் என்ன செய்யும்? மழை வந்தா பாலாத்துல தண்ணி ஓடும். அதுல விட்டுடுப்பா, நல்லா இருக்கும்" என்கிறார் பாட்டி. கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இருவருமே இரக்கத்தால்தான் சொல்கிறார்கள். ஆனால் இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

அமேசானில் வாழும் மீன்கள் இந்தப் பெருவாயோடு பல்லாயிரம் தலைமுறைகளாகப் பழகியவை. எப்படித் தப்புவது என்று அவற்றின் உடலும் இயல்பும் கற்றிருக்கின்றன. நம் குளத்துக் கெண்டையும் அயிரையும் கற்றவை வேறு. கோடையில் நம் ஏரிகள் வற்றிச் சிறு குட்டைகளாகின்றன. அடுத்த மழைக்கு இனம் பெருக்க வேண்டிய மீன்கள் அனைத்தும் அந்தக் குட்டைகளில்தான் ஒதுங்குகின்றன. அப்படிப்பட்ட ஒரு குட்டையில் ஒரே ஒரு பெரிய இரைகொல்லி இருந்தாலும் என்ன ஆகும்? மோலிகளின் கதைதான்.

கோயில் குளத்திலும் இதே நிலை. காஞ்சியின் சர்வதீர்த்தம் போன்ற நான்கு புறமும் படிக்கட்டு கட்டிய குளத்தில் தப்பியோட வழியே கிடையாது. குளத்தின் சிறு மீன்கள் கொசுப்புழுக்களைத் தின்று ஊருக்குச் சத்தமில்லாமல் தொண்டு செய்கின்றன. அவற்றை ஒழித்துவிட்டுப் புண்ணியம் தேட முடியுமா?

ஒற்றை மீன் இனம் பெருக்காது என்று சொல்லலாம். ஆனால் ஊரில் ஒருவருக்குத் தோன்றியது பத்துப் பேருக்கும் தோன்றும். நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு.

தொட்டிப் பாசியைச் சுரண்டித் தின்னும் என்று கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் விற்கும் கவசக் கெளுத்தியும் தென் அமெரிக்க மீனே. அது இரைகொல்லி அன்று. ஆனாலும் ஒன்றரை அடிவரை வளரும். தொட்டியில் இடம் போதாமல் போனதும் நீர்நிலைகளில் விடப்பட்டது. இன்று சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் கேரளத்திலும் கங்கைச் சமவெளியிலும் அது பெருகிக் கிடக்கிறது. கரையில் வளை தோண்டி இனம் பெருக்குகிறது. எலும்புத் தகடு போர்த்த அதன் உடலும் முள்ளும் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. வாங்குவார் இல்லாததால் வலை கிழிந்ததுதான் மிச்சம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதை இன்னும் கடுமையானது. அது வளர்ப்புக் குட்டைகளுக்காகக் கள்ளத்தனமாக நம் நாட்டுக்குள் வந்தது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் இரைகொல்லி. காற்றையும் சுவாசிக்க வல்லது. அதனால் சேறான நீரிலும் பிழைக்கும். இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் இதை வளர்ப்பதற்குத் தடை விதித்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தடையைக் கண்டிப்பாக நிறைவேற்ற ஆணையிட்டது. ஆனால் ஆற்றுக்குள் போய்விட்ட மீனுக்கு ஆணையைப் படித்துக் காட்ட யாரால் முடியும்?

2018 ஆகஸ்ட் மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபின் சாலக்குடி ஆற்றில் மீனவர்களின் வலையில் அராபைமா, அலிகேட்டர் கார் முதலிய அயல்நாட்டுப் பெருமீன்கள் சிக்கின. வளர்ப்புக் குளங்களிலிருந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை அவை.

நம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். பாலாற்றுப் பகுதியில் ஏரிகள் தனித்தனியாக இல்லை. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகிறது. நீரைப் பகிர்ந்துகொள்ள முன்னோர் அமைத்த அருமையான சங்கிலி இது. காஞ்சியின் வேகவதியும் பாலாறும் செய்யாறும் திருமுக்கூடலில் ஒன்றுசேர்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றில் 2021 நவம்பரில் இருகரையும் தொட்டுப் பெருவெள்ளம் ஓடியதை நீங்கள் பார்த்திருக்கலாம். நீர் போகும் வழியெல்லாம் மீனும் போகும். ஒரு குட்டையில் விட்டதை ஒரு குட்டையோடு நிறுத்திவைக்க முடியாது.

நம் வாளையும் அங்கே வாழ வேண்டிய மீன்தான். ஒரு காலத்தில் மிகுதியாக இருந்த அது இன்று குறைந்து வருகிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சங்கம் அதை அழிவு அச்சத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மிகுதியாகப் பிடித்தலும் ஆறுகளின் சீர்கேடும் அதற்குக் காரணங்கள். இந்நிலையில் அதே இரைக்குப் போட்டியிடும் அயலூர்ப் பெருவாயையும் நாம் கொண்டுவந்து விடலாமா?

அப்படியானால் என்னதான் செய்வது?

நம் பையனுக்கு வழி இல்லாமல் இல்லை. வாங்கிய கடைக்கே மீனைத் திருப்பிக் கொடுக்கலாம்; பெரிய மீனை எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. பெரிய தொட்டியோ சுற்றிலும் கட்டிய சிமெண்டுக் குளமோ வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கலாம். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் யோசனை கேட்கலாம். ஆற்றிலும் ஏரியிலும் கிணற்றிலும் கால்வாயிலும் மட்டும் விடக்கூடாது. தொட்டி நீரையும் சாக்கடையில் ஊற்றாமல் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள். அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு நல்ல உரம். மீனின் முட்டையோ நோய்க்கிருமியோ நீர்நிலைக்குப் போகவும் வழியில்லை.

ஆனால் இவையெல்லாம் வந்தபின் தேடும் வழிகள். எளிய வழி, வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்பது. இந்த மீன் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம்? எத்தனை ஆண்டு வாழும்? எதைத் தின்னும்? கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால், தெரியும்வரை மீனைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

மீன் வளர்க்க ஆசைப்படுவது தவறே இல்லை. நான்கடித் தொட்டியில் வளர்க்கத் தகுந்த மீன்கள் ஏராளம். நம் வயல்வாய்க்கால்களிலேயே, நீர்ப்பரப்பை ஒட்டி நீந்தும், தலைமேல் வெள்ளிப்பொட்டு வைத்தாற்போன்ற சிறு மீன் ஒன்று உண்டு. நாலைந்தைத் தொட்டியில் விட்டுப் பாருங்கள். அவை கொசுப்புழுவைப் பாய்ந்து பிடிப்பதும், ஒன்றையொன்று துரத்துவதும், செடியில் முட்டையிடுவதும் கண்முன்னே நடக்கும். மூலையில் திரும்ப முடியாமல் கிடக்கும் பெருமீனைவிட இதில் கற்பதற்கு அதிகம் உண்டு.

செய்து பாருங்கள்

வேண்டிய பொருள்: ஓர் அளவு நாடா, ஒரு கைப்பிடி கோலமாவு.

வீட்டு வாசலில் உங்கள் தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, கோலமாவால் ஒரு செவ்வகம் போடுங்கள். அதனுள்ளே 8 சென்டிமீட்டரில் ஒரு மீன் வரையுங்கள். எவ்வளவு தாராளமாக இருக்கிறது! இப்போது அதே செவ்வகத்தின்மேல் 80 சென்டிமீட்டரில் ஒரு மீன் வரையுங்கள். பிறகு 130 சென்டிமீட்டரில் இன்னொன்று. முதல் பெருமீனுக்குத் திரும்ப இடமிருக்கிறதா? இரண்டாவதன் வால் எங்கே போகிறது என்று பாருங்கள்.

நான்கடி என்பது 122 சென்டிமீட்டர்தான். கோலத்து மீனின் வால் கோட்டைத் தாண்டினால் விளக்குமாற்றால் ஒரு நொடியில் அழித்துவிடலாம். ஆகவே கடைக்குப் போகுமுன் இந்தக் கோலத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.